வீட்டுக் களஞ்சியமும் வாசற்படியும்

(நூற்றாண்டு நன்றி வழிபாட்டைத் தொடர்ந்து நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் பேசியபோது, "மிஸ், நீங்கள் மனையியல் படிப்பித்தவர். இடர்காலத்துக்கு வீட்டில் சாமான் சேமிப்பது பற்றி, கிறிஸ்தவக் கண்ணோட்டத்தோடு ஒரு அரைமணி நேரம் பேசுங்கோ" என்றார். நூற்றாண்டு விழாவில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் பற்றிப் பேசுவதா என்று முதலில் யோசித்தேன். பிறகு நினைத்துப் பார்த்தால், இந்தச் சங்கத்தின் நூறு வருடத்தில் எங்கள் பெண்கள் எதைச் செய்யாமல் விட்டாலும் குசினியில் நாளைய பானையைப் பற்றி யோசிக்காமல் விட்டதில்லை. ஆகவே ஒத்துக்கொண்டேன். ஆனால் இந்த விஷயத்தைப் பேசினால் ஒரு கதையைச் சொல்லியே ஆகவேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக நான் அதை எந்தச் சபையிலும் சொன்னதில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எங்களில் பலருக்குச் சேமிப்பு முதலில் தெரிந்தது விடுதியில்தான். நான் விடுதியில் இருந்தது 1970 தொடக்கம். 1973, 74 இல் நாட்டில் அரிசியும் மாவும் தட்டுப்பாடு. விடியப்புறமே பாணுக்கு வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு விரும்பியபடி கொண்டுபோக முடியாது. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் கையில் அப்போது காசு புழங்கியது உண்மை. அதே ஊரில் சங்கக்கடைக் கூப்பன் அரிசியை மட்டும் நம்பி இருந்தவர்களும் இருந்தார்கள். எங்களுக்குக் காலையில் மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். இன்று அதைக் கொழும்பு ஹோட்டலில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம். அன்று முகத்தைச் சுளித்தோம்.

களஞ்சிய அறைத் திறப்பு மேற்றனின் இடுப்பில் இருக்கும். உலைக்கு அரிசி அளக்கும்போது, கழுவுவதற்கு முன்பு, ஒவ்வொரு வேளையும் சில பிடி அள்ளி வேறொரு பானையில் போடுவா. பிடியரிசி. எங்களில் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. அம்மாமார் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் தட்டுப்பாட்டுக் காலத்திலும் மேற்றன் அதை நிறுத்தவில்லை என்பதுதான் எங்களுக்குக் கோபம். வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினியின் பின்கதவுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பானை திறக்கும். "எங்களுக்கே காணாது, மேற்றன் ஊருக்குத் தானம் செய்யிறா" என்று நாங்கள் முணுமுணுத்தோம். பதினாறு வயதில் பசி பெரிய விஷயம். மன்னிக்க வேண்டும்.

இனி வேதத்துக்கு வருகிறேன். சேமிப்பைப் பற்றி வேதாகமம் ஒரே குரலில் பேசுவதில்லை. இதை நான் ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தபோது அவர்களே கண்டுபிடித்துக் கேட்டார்கள். எறும்பைப் பார் என்கிறது நீதிமொழிகள். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்கிறார் ஆண்டவர். யோசேப்பு ஏழு வருடம் களஞ்சியம் கட்டினான், மெச்சப்பட்டான். உவமையில் வரும் ஐசுவரியவான் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான், அன்று இரவே மதிகேடன் என்று பெயர் வாங்கினான். வனாந்தரத்தில் மன்னாவை விடியும்வரை வைத்தவர்களுக்குப் புழு கிடைத்தது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு நாளுக்குரியதைச் சேர்த்து வைக்கச் சொன்னவரும் அதே தேவன்தான். அன்று வைத்தது கெடவில்லை. அப்படியென்றால் சேர்ப்பதா, சேர்க்காமல் விடுவதா?

நான் படித்து விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். அந்த ஐசுவரியவானின் பேச்சைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம் என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். அவனுடைய வீட்டில் வேறு ஒரு ஆளும் இல்லை. மனைவி இல்லை, வேலைக்காரன் இல்லை, அயலவன் இல்லை, வாசலில் வந்து நிற்கிறவனும் இல்லை. யோசேப்பின் களஞ்சியத்திலோ, தன்னை விற்ற சகோதரர்களுக்கும் தானியம் இருந்தது. எவ்வளவு சேர்த்தோம் என்பதைவிட, சேர்க்கும்போது யாரை மனதில் வைத்துச் சேர்த்தோம் என்பதையே வேதம் பார்க்கிறது என்று எனக்குப் படுகிறது.

யோசேப்பைப் பற்றியும் ஒரு சொல். நாங்கள் ஆதியாகமம் 41 ஆம் அதிகாரத்தை வாசித்து, ஐந்தில் ஒரு பங்கு சேமித்த புத்திசாலி என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். 47 ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். பஞ்சம் நீண்டபோது சனங்கள் முதலில் காசு கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். காசு முடிய ஆடுமாடு கொடுத்தார்கள். அதுவும் முடிய நிலத்தையும் தங்களையும் பார்வோனுக்கு விற்றார்கள். களஞ்சியத் திறப்பு ஒருவர் கையில் இருந்தால் அது உயிரையும் காக்கும், கழுத்தையும் பிடிக்கும். யுத்தகாலத்தில் ஒரு மூட்டை சீனியைப் பதுக்கி வைத்துப் பிறகு பவுண் தாலிக்கொடிக்கு மாற்றியவர்களை நாங்கள் காணாதவர்களா?

இப்போது அந்தக் கதை.

1990 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பது இங்கே இருக்கும் நரைத்த தலைகளுக்குத் தெரியும். இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வருடக்கணக்கில் மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து எதற்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சில கரண்டி மண்ணெண்ணெய், மூடியில் ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்டோம். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். வீட்டுக் கொடியெல்லாம் பனம்பழ வாசம், மாடு வந்து சேலையைச் சப்பும். சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீர். சிரிப்பாகச் சொல்கிறோம் இப்போது.

நான் மனையியல் ரீச்சர் அல்லவா, என் வீட்டுக் களஞ்சியம் அயலில் பெயர் பெற்றது. கோக்காலியில் நெல் மூட்டை, பானையில் உப்புப் போட்ட புளி, புழுக்கொடியல், மோர்மிளகாய், வடகம், கருவாடு, எல்லாவற்றுக்கும் திகதி எழுதின துண்டு. 1993 இல் என் மகளுக்கு இரண்டு வயது. எப்படியோ தேடிச் சேர்த்த பால்மா டின் இரண்டு அலுமாரிக்குள் இருந்தது. ஒன்று உடைத்தது, ஒன்று உடைக்காதது.

ஒருநாள் பின்னேரம் பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஒரு இளம் தாய் வந்தாள். கைப்பிள்ளைக்கு ஏழு மாதம். வாசற்படியில் நின்றபடியே, "அக்கா, பால்மா கொஞ்சம் இருக்கோ? எனக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை இரவு முழுக்க அழுகுது" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. எங்கட பெட்டையும் கஞ்சித் தண்ணிதான் குடிக்கிறாள்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வாய் தானாகச் சொல்லிற்று. அவள் என்னைச் சந்தேகப்படவும் இல்லை. "சரி அக்கா" என்று சொல்லி, என் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அன்று இரவு ஜெபம் சொல்ல முழங்காலில் நின்றேன், அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கும் இடம் வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. விடியட்டும், உடைக்காத டின்னைக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். விடிந்தது. வீட்டுவேலை முடித்து, பத்து மணிபோல டின்னைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. முதல்நாள் இரவே கிளாலிக்குப் போய்விட்டார்கள், படகேறப் போகிறார்கள் என்று முன்வீட்டு ஆச்சி சொன்னா.

அந்த டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தேன். மன்னாவில் புழு வந்தது என்று வாசிக்கிறோம். என் டின்னில் புழு வரவில்லை. நல்ல பால்மா. என் மகள் கடைசிக் கரண்டி வரை குடித்தாள். அவர்கள் வவுனியா போய்ச் சேர்ந்தார்கள் என்று பின்னொருநாள் கேள்விப்பட்டேன். பிள்ளையைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றும் வரவில்லை.

இரண்டு வருடத்தில் என் களஞ்சியத்துக்கு என்ன நடந்தது என்றும் சொல்லவேண்டும். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு. மழை. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிப் பக்கம். நான் எதை எடுத்தேன்? மகளை எடுத்தேன், மாமியின் கையைப் பிடித்தேன், ஒரு பையில் அடையாள அட்டைகளும் இரண்டு மாற்றுடுப்பும். திகதி எழுதின துண்டோடு அத்தனை டின்களும் கோக்காலியில் நின்றன. பூட்டிவிட்டுத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன், மேற்றனைப் போல.

மீசாலையில் ஒரு வீட்டில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். முன்பின் தெரியாத சைவக் குடும்பம். அந்த வீட்டு ஆச்சி, மாதத் தொடக்கத்தில் நாலு பேருக்குச் சமைத்தவ, அன்று தொடக்கம் நாற்பது பேருக்கு மேல். தென்மராட்சியில் வயலுக்கு ஒருபோகம்தான். ஐப்பசியில் விதைத்தது அப்போதுதான் முளைத்து நின்றது, வெட்டத் தைமாசி ஆகும். அதுவரை தன் குடும்பம் சாப்பிட என்று வைத்திருந்த நெல்லைத்தான் அந்த மனுசி அவிழ்த்தா. நான் ஒருநாள் கேட்டேன்: "ஆச்சி, தை மட்டும் காணுமோ?" ஆச்சி சுளகைப் புடைத்துக்கொண்டே, "காணாட்டிப் பிறகு பாப்பம் பிள்ளை. முதல் இந்த உலையைப் பாப்பம்" என்றா.

சாறிபாத் ஊர் விதவையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன். பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், விறகு பொறுக்க வந்தவள், முதல் அப்பத்தைத் தீர்க்கதரிசிக்குக் கொடுத்தவள். அவள் இஸ்ரவேல் சபையைச் சேர்ந்தவள் அல்ல, சீதோன் நாட்டுப் பெண். அந்தக் கதை எனக்கு விளங்கியது மீசாலையில், திருநீறு பூசின ஒரு ஆச்சியின் குசினியில். இங்கே இருக்கும் எங்கள் சைவப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோசம்.

அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு வீடு திரும்பினோம். கோக்காலி வெறுமை. பசித்தவர்கள் யாராவது சாப்பிட்டிருந்தால் நல்லது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். நான் வைத்தது எனக்கு உதவவில்லை. இன்னொருத்தி வைத்தது என்னைக் காப்பாற்றியது.

அதனால் சேமிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. ஆச்சியின் கோக்காலியும் காலியாக இருந்திருந்தால் நாற்பது பேரும் என்ன செய்திருப்போம்? எங்களுக்கு 2004 மார்கழி 26 வந்தது. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2020 இல் ஊரடங்கு. 2022 இல் காஸ் இல்லை, டீசல் இல்லை, ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. யுத்தத்தைக் காணாத என் மகள் வயதுப் பிள்ளைகள் கொழும்பில் மாடிவீட்டில் இருந்துகொண்டு, "அம்மா, விறகு அடுப்பு எப்படி மூட்டுறது? பல்கனியில மூட்டலாமோ?" என்று கேட்டார்கள். மூட்டக்கூடாது என்பதை இந்த மேடையிலிருந்தும் சொல்லிவைக்கிறேன்.

ஆகவே இனிக் கொஞ்ச நேரம் மனையியல் பாடம்.

முதலில் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் கிணறு இருக்கிறதே என்பீர்கள். இன்று பாதிக் கிணறுகளைத் தட்டுப் போட்டு மூடி, மோட்டரும் மேல்தாங்கியும் வைத்திருக்கிறோம். கரண்ட் போனால் காலடியில் தண்ணீர் இருக்க, அள்ள வழியில்லை. ஒரு கப்பி, ஒரு கயிறு, ஒரு வாளி வீட்டில் இருக்கவேண்டும்; தட்டில் ஒரு மூடியும் இருக்கவேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். வெள்ளம் வந்து வடிந்த கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை நம்பாதீர்கள். கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும். கொப்புளித்துக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும், விறகை வீணாக்க வேண்டாம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பைக்கற் இல்லாவிட்டால், கொதித்தாறின ஒரு லீற்றர் தண்ணீரில் தட்டின தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள். இதை நான் இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதினேன், எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்று கை உயர்த்தச் சொல்லமாட்டேன்.

அரிசி, நான்கு பேருக்கு இரண்டு கிழமைக்கு ஏறக்குறைய 20 கிலோ. பருப்பு நாலு கிலோ. உரிக்காத முற்றின தேங்காய் பதினைந்து. எண்ணெய், உப்பு, சீனி, தேயிலை, கருவாடு அல்லது டின்மீன். தவிடு நீக்காத சிவப்பரிசி உடம்புக்கு நல்லது, ஆனால் தவிட்டு எண்ணெயால் கெதியாகச் சிக்கு மணம் வரும். அதைக் குறைவாக வாங்கி அடிக்கடி மாற்றுங்கள். நெல்லாக வைக்க வசதி உள்ளவர்கள் நெல்லாகவே வையுங்கள், உமி இருக்கும்வரை அது தன்னைத்தானே காக்கும். காய்ந்த வேப்பிலையும் செத்தல் மிளகாயும் போட்டால் வண்டு குறையும். புழுக்கொடியலை மறக்கவேண்டாம். அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடிய சாமான் ஒரு வீட்டில் எப்போதும் இருக்கவேண்டும், எங்களுக்குப் பனை அதைத் தந்திருக்கிறது. புதிதாய் வாங்கியதைப் பின்னுக்கு வைத்துப் பழையதை முன்னுக்கு எடுங்கள். எல்லாவற்றிலும் பென்சிலால் திகதி.

உணவை எல்லோரும் யோசிப்பார்கள். மாதவிலக்குத் துணியை யார் யோசிப்பார்கள்? பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டிருந்த காலத்தில் சாப்பாட்டுப் பார்சல் வந்தது, அது வரவில்லை, கேட்கவும் வெட்கம். பெண்பிள்ளைகள் சங்கத்தில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது? ஒரு பையில் தனியாகக் கட்டி வையுங்கள், உங்கள் கணக்குக்கு இரண்டு மடங்கு. பிரஷர், சலரோகக் குளிசைகள் ஒரு மாதத்துக்குக் கையிருப்பு. பழையதை விழுங்கிப் புதியதை வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், குளிர்சாதனப் பெட்டி நின்றால், பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, மூடி, நிழலில் வைக்கலாம். மருந்தைப் பொலித்தீனில் சுற்றி வைக்கவேண்டும். நெருப்புப்பெட்டி மூடின போத்தலுக்குள். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், விவாகப் பதிவு இவற்றின் பிரதிகள் ஒரு பொலித்தீன் உறையில், எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில். உறுதி தொலைந்த காணிக்கு இன்றும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். யோசேப்பு சேர்த்தது விளைந்த வருடங்களில். கடையில் வரிசை தொடங்கியபின் பத்துக் கிலோ அள்ளுவதற்குப் பெயர் சேமிப்பு அல்ல. 2022 இல் கார் வைத்திருந்த நாங்கள் முதல்நாளே அங்காடியைத் துடைத்தோம். அன்றாடம் கூலிக்குப் போகிறவன் பின்னேரம் சம்பளத்தோடு வந்து பார்த்தால் தட்டு வெறுமை. அவனுக்கு ஒரு கிழமைச் சாமானை ஒன்றாக வாங்கக் காசு ஏது? களஞ்சியம் வைக்க முடிவதே ஒரு வசதி என்பதை மறந்துவிடுகிறோம். மலிவான காலத்தில், சம்பளம் எடுத்த கிழமையில், ஒவ்வொரு தடவையும் ஒரு சாமான் மேலதிகமாக வாங்கினால் அரை வருடத்தில் நான் சொன்னது எல்லாம் சேர்ந்துவிடும்.

பத்துக் கன்னிகை உவமையைக் கேட்பீர்கள் என்று தெரியும். புத்தியுள்ளவர்கள் எண்ணெயைப் பகிரவில்லையே? நான் அந்த உவமையோடு பலநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆண்டவர் அதில் எண்ணெய் விலை பேசவில்லை, விழித்திருப்பதைப் பேசுகிறார். விழித்திருத்தலை நடுராத்திரியில் இரவல் வாங்க முடியாது. ஆனால் அரிசியை வாங்கலாம், கொடுக்கலாம். அதே அதிகாரத்தின் கடைசியில், பசியாயிருந்தேன் எனக்குக் கொடுத்தீர்களா என்று கேட்கிறவரும் அவரே. உவமையைப் பாதியில் நிறுத்தி எங்கள் அலுமாரிப் பூட்டுக்குச் சாட்சியாக இழுப்பது சரியல்ல.

எனக்குப் பிடித்தது அப்போஸ்தலர் 11 இல் வரும் அந்தியோகியா சபை. பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற தீர்க்கதரிசி அறிவித்தார். நாங்கள் என்றால் உடனே சந்தைக்கு ஓடியிருப்போம். அவர்கள் அவரவர் சக்திக்கு ஏற்றபடி சேர்த்து, யூதேயாவில் இருந்த சகோதரருக்கு அனுப்பினார்கள். தங்கள் களஞ்சியத்தை வேறு ஊரில், வேறு வீட்டில் வைத்தார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் வருடா வருடம் செய்வது அதுதான். அவர்களில் பலருடைய நிலக்கீழ் அறையில் அரிசி மூட்டை கூரை முட்ட அடுக்கியிருக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள்: "அம்மா, இங்க கடை மூடாது." சிரிக்கவேண்டாம் பிள்ளைகளே. 1990 ஐப் பார்த்த கண்ணுக்கு ஒரு மூட்டை போதாது. அந்தப் பயம் வியாதி போல, மெல்ல மெல்லத்தான் ஆறும். நான் இன்னும் பொலித்தீன் பையை மடித்து மெத்தைக்கு அடியில்தான் வைக்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பிடியரிசியைத் திரும்பத் தொடங்குவோம். என் கைப்பிடி 40 கிராம், தராசில் வைத்துப் பார்த்தேன். நாளுக்கு இரண்டு வேளை என்றால் மாதம் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட. இங்கே வந்திருக்கும் இருநூறு பேரும் செய்தால் அரைத் தொன் அளவு. ரொறன்ரோவில் இருந்து காசு வரட்டும், நல்லது. ஆனால் வெள்ளம் வந்த முதல் இரவில் வங்கி திறக்காது. பள்ளிக்கூடத்தின் பழைய களஞ்சிய அறை இப்போது உடைந்த கதிரை போடும் இடமாக இருக்கிறது. அதை அதிபர் எங்களுக்குத் தந்தால், வெள்ளையடித்து, தட்டு அடித்து, மாதம் ஒருமுறை பழைய அரிசியை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துப் புதியதை வைக்க என் வகுப்புத் தோழிகள் ஐந்து பேர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். திறப்பை யார் வைத்திருப்பது என்பதில் மட்டும் ஒரு விதி: இரண்டு திறப்பு, இரண்டு பேர். ஆதியாகமம் 47 ஐ வாசித்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

நேரம் போய்விட்டது, மணி அடிக்க முன்பு முடிக்கிறேன். இப்போது என் வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். இரண்டு பேருக்குமே டொக்டர் பாலைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் அலுமாரியில், வாசலுக்குக் கிட்டவுள்ள தட்டில், குழந்தைப் பால்மா டின் ஒன்று உடைக்காமல் எப்போதும் இருக்கும். மகள் வந்தால், "ஆருக்கம்மா இது?" என்று கேட்பாள். யாராவது கேட்டு வந்தால் அவர்களுக்கு. ஒருவரும் வராவிட்டால், முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்ட்டில் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் வேறொன்று வைப்பேன். இந்த மாதம் மாற்றவேண்டிய மாதம். போகிற வழியில் திருநெல்வேலிச் சந்தையடியில் இறக்கிவிடச் சொல்லி, வந்த ஓட்டோக்காரத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.